சேப்பாக்கத்து ஸ்பெல்களும் நம்ம பக்கத்து மேட் விக்கெட்டும்

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர் என்று இந்தப் பக்கத்தில் பந்து போடப் பழகும் பையன்கள் பலருக்கு மேட் விக்கெட்தான், அதாவது தரையில் நார்ப்பாய் விரித்த ஆடுகளம்தான், பள்ளிக்கூடம். நார் மேட்டில் விழுந்த பந்தை மேட் பிடித்துக்கொள்ளும். விரலை லேசாகச் சுழற்றினாலே ஒரு முழம் திரும்பும். அந்தப் பையனை டர்ஃப் விக்கெட்டுக்கு, அதாவது பாய் இல்லாத மண் பிட்ச்சுக்கு, கூட்டிப் போனால் அதே பந்து நேராகப் போய் பேட்டின் நடுவில் படும். "விக்கெட்டில் ஒண்ணும் இல்லைண்ணா" என்பான். விக்கெட்டில் இருக்கிறது. மேட் இத்தனை நாள் அவனுக்காகச் செய்துகொடுத்த வேலையை இனி அவனே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலை என்ன என்று சொல்லித்தர சென்னை சேப்பாக்கம் மைதானத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து கிடையாது. 1934 முதல் அங்கே நடந்த டெஸ்ட்களில் பெரிய விக்கெட் கணக்கு வைத்திருப்பவர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அங்கே அதிகமாகத் திருப்பியவனுக்கு விக்கெட் விழுந்ததைவிட, பந்தை எகிற வைத்தவனுக்கும், காற்றிலேயே இறங்க வைத்தவனுக்கும்தான் அதிகம் விழுந்திருக்கிறது.

முதலில் மண். செம்மண்ணில் களிச்சத்து குறைவு. தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும், ரோலர் ஓட்டினால் கெட்டியாக இறுகும். அதனால் பந்து வேகம் குறையாமல் எகிறி வரும். மூன்றாம் நாளுக்கு மேல் மேல்தோல் பொடிந்து உதிர ஆரம்பிக்கும். பொடியில் விழும் பந்து பிடித்துத் திரும்பும்; அடியில் மண் கெட்டியாக இருப்பதால் எகிறிக்கொண்டே திரும்பும். கரிசல் மண் இதற்கு நேர் எதிர். களி அதிகம், ஈரத்தை விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பந்து மெதுவாக, முழங்காலுக்குக் கீழே வரும். சேப்பாக்கத்தில் இரண்டு வகைப் பிட்ச்சும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடன் ஆடியது செம்மண் பிட்ச். முதல் நாள் காலையிலேயே ஹசன் மஹ்மூத் சரசரவென்று விக்கெட் எடுத்து, அந்த இன்னிங்ஸை 83 ரன்னுக்கு 5 விக்கெட்டோடு முடித்தார். பும்ரா 50 ரன்னுக்கு 4 விக்கெட். கடைசி இன்னிங்ஸில் அஸ்வின் 88க்கு 6. அதற்கு முன்பே பேட்டால் 113 அடித்திருந்தார். ஒரே பிட்ச் வேகப்பந்துக்கும் ஸ்பின்னுக்கும் இப்படிக் கை கொடுப்பது செம்மண்ணில்தான் நடக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலமும் பெரும்பாலும் செம்மண்தான். ஆனால் சல்லி கலந்த செம்மண். சும்மா தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் இறுகாது, உதிர்ந்துவிடும். ஏரி வண்டலை நன்றாகச் சலித்துக் கலந்தால்தான் பிடிப்பு வரும். அளவு மிஞ்சினால் பந்து செத்துப்போய் வரும். பிட்ச் தயாரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்: இறுக வேண்டும் என்று வண்டலைக் கொட்டுகிறார்கள், பிறகு பந்து எகிறவில்லை என்று வருந்துகிறார்கள்.

இப்போது ஆஃப் ஸ்பின்னர் ஹர்பஜன் சிங்குக்கு வருவோம். எனக்கு சேப்பாக்கம் என்றால் முதலில் 2001 மார்ச்தான். அந்தத் தொடரில் கும்ப்ளே தோள்பட்டைக் காயத்தால் இல்லை. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 340. ஹேடன் ஒரு பக்கம் ஸ்வீப் மேல் ஸ்வீப்பாக ஆடிக்கொண்டிருந்தார், கடைசியில் 203. அங்கே ஸ்டீவ் வா பந்தைக் கையால் தள்ளி அவுட் ஆனதும் கதவு திறந்தது. 340லிருந்து 391க்குள் ஏழு விக்கெட் போனது. ஸ்டீவ் வாவைத் தவிர மீதி ஆறும் ஹர்பஜனுக்கு. மொத்தம் 133க்கு 7. இரண்டாவது இன்னிங்ஸில் 41.5 ஓவர், 20 மெய்டன், 84க்கு 8. ஆட்டத்தில் 217க்கு 15. இந்தியா 155 அடிக்கத் தடுமாறி 2 விக்கெட்டில் ஜெயித்தது. வெற்றி ரன்னை அடித்ததும் அவரேதான்.

இந்தப் புள்ளிவிவரம் எல்லோருக்கும் தெரியும். பந்து என்ன செய்தது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஹர்பஜன் கையை உயரத் தூக்கி, பந்தின் மேல் விரலை முன்னோக்கி உருட்டிவிடுவார். சீம், அதாவது பந்தின் தையல் விளிம்பு, எந்தப் பக்கம் பார்த்துச் சுழல்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வலது கை ஆஃப் ஸ்பின்னர் போடும்போது சீம் ஸ்கொயர் லெக்கைப் பார்த்துச் சுழன்றால் அது பக்கச் சுழற்சி. நிறையத் திரும்பும், எகிறாது. சீம் கீப்பரைப் பார்த்து உருண்டால் மேல் சுழற்சி. திரும்பாது, ஆனால் காற்றில் சட்டென்று இறங்கும், விழுந்த இடத்திலிருந்து எகிறும். இரண்டுக்கும் நடுவில், ஃபைன் லெக்கைப் பார்த்தபடி சீம் போனால் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். ஹர்பஜனின் பந்து அந்த நடுவிடத்தைச் சேர்ந்தது.

மேல் சுழற்சி உள்ள பந்து ஏன் இறங்குகிறது? சுழற்சி பந்துக்கு மேலே காற்றைத் தடுக்கிறது, கீழே இழுத்துவிடுகிறது. அதனால் பந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. பேட்ஸ்மேன் கண் கணக்குப் போட்ட இடத்துக்கு ஓர் அடி முன்னாலேயே விழுகிறது. காலை நீட்டியவனுக்குப் பந்து எட்டவில்லை. செங்குத்தாக விழுவதால் எகிறலும் கூடுகிறது. தடுக்க நீட்டிய பேட்டின் மேல்பகுதியில், அல்லது கிளவுஸில் பட்டு, பக்கத்தில் நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டர் கைக்குப் போகிறது. பாண்டிங் அந்தத் தொடரில் ஐந்து இன்னிங்ஸ் ஆடினார், மொத்தம் 17 ரன், ஐந்து முறையும் ஹர்பஜனிடமே அவுட். பாண்டிங் போன்ற ஆட்டக்காரரை வெறும் திருப்பத்தால் அப்படிச் செய்ய முடியாது. பந்து எங்கே விழும் என்பதையே அவரால் பிடிக்க முடியவில்லை.

மேட்டில் பழகிய பையன் இங்கேதான் மாட்டிக்கொள்கிறான். பக்கச் சுழற்சியை மட்டும் வளர்த்துக்கொள்கிறான், ஏனென்றால் மேட்டில் எகிறல் தானாக வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழைய பந்து ஒன்றில் சீமை ஒட்டிச் சுற்றிலும் வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒரு விரல் அகலம் ஒட்டுங்கள். 22 கஜம் வேண்டாம், பத்தடி தள்ளி நிற்கும் ஆளிடம் விரலால் சுண்டிப் போடச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு தெளிவாக ஒரே கோடாகத் தெரிந்தால் சுழற்சி சுத்தம். தளும்பித் தெரிந்தால் விரல் சீமில் சரியாகப் பதியவில்லை. எதிரே நிற்பவர் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பயிற்சியிலும் பந்து போடும் முன் 30 முறை இப்படிச் செய்தால் போதும், இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சீமின் குறுக்கே அகட்டி, மேல்கணுக்கள் சீமில் பதியப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையில் பந்து தொட்டால் சுழற்சி செத்தது. சின்னக் கை உள்ள பையன்கள் மோதிர விரலையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பார்கள். அது பந்தைத் தாங்கத்தான், அழுத்தவே கூடாது.

அடுத்து லெக் ஸ்பின்னர் ஹிர்வானி, 1988 ஜனவரி. அறிமுக ஆட்டம், வயது 19. முதல் இன்னிங்ஸில் 61க்கு 8, இரண்டாவதில் 75க்கு 8. மொத்தம் 136க்கு 16. அறிமுக டெஸ்டில் இதைவிடச் சிறந்த கணக்கு இன்றுவரை யாருக்கும் இல்லை. 1972ல் லார்ட்ஸில் பாப் மாஸி எடுத்த 137க்கு 16 ஒரே ரன்னில் பின்னால் நிற்கிறது. மேற்கிந்தியத் தீவுகள் 184, 160. இந்தியா 255 ரன்னில் வென்றது. பிட்ச் சரியாகத் தயாராகவில்லை, முதல் நாளிலிருந்தே பொடிந்தது என்று அப்போதே விமர்சனம் இருந்தது. விமர்சனம் நியாயம்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங், அதில் ஐந்து இரண்டாவது இன்னிங்ஸில். இரண்டுமே உலக சாதனை. பிட்ச் மட்டும்தான் காரணம் என்றால் போல்டும் எல்பிடபிள்யூவும் குவிந்திருக்கும். ஸ்டம்பிங் குவிந்தது என்றால், இறங்கி அடிக்க வந்தவர்களைப் பந்து காற்றில் ஏமாற்றியது என்றுதான் பொருள். பந்து விழும் முன்பே பேட்ஸ்மேன் தோற்றுவிட்டார்.

இது சேப்பாக்கத்தில் பழைய கதை. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான், இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில். வினூ மன்கட் 55க்கு 8, 53க்கு 4. முதல் இன்னிங்ஸில் அவர் பந்தில் கீப்பர் புரோபிர் சென் நான்கு ஸ்டம்பிங் செய்தார். மன்கட் இடது கை ஸ்பின்னர், ஹிர்வானி லெக் ஸ்பின்னர். கை வேறு, காலம் வேறு. பேட்ஸ்மேன் கிரீஸை விட்டு வெளியே வந்து நின்ற இடம் ஒன்றுதான்.

கீப்பர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. மேட்டில் நிற்கும் கீப்பர் பந்து எகிறும் என்று பழகி, பந்து கையை விட்டதுமே எழுந்துவிடுவார். டர்ஃபில் அதே வேகத்தில் எழுந்தால் தாழ வரும் பந்து கிளவுஸுக்கு அடியில் போய்விடும். பந்து தரையைத் தொடும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும், எகிறலோடு சேர்ந்து எழ வேண்டும். ஸ்பின்னருக்கு ஸ்டம்பிங் கிடைப்பதும் கிடைக்காததும் பாதி இதில் இருக்கிறது. மாவட்ட ஆட்டங்களில் நல்ல லெக் ஸ்பின்னர் ரன் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போவதற்குப் பல நேரம் கீப்பர்தான் காரணம். அது ஸ்கோர் புத்தகத்தில் வராது.

கும்ப்ளேவும் ஜடேஜாவும் சேப்பாக்கத்தில் ஒரே எண்ணை வைத்திருக்கிறார்கள்: 48க்கு 7. கும்ப்ளே 2004 அக்டோபரில், ஆஸ்திரேலியாவை முதல் நாளே 235ல் சுருட்டினார். இரண்டாவது இன்னிங்ஸில் 133க்கு 6, ஆக 181க்கு 13. அதே ஆட்டத்தில் வார்ன் 125க்கு 6 எடுத்து, இர்ஃபான் பதானின் விக்கெட்டோடு முரளிதரனின் 532 டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டினார். இந்தியாவுக்கு 229 இலக்கு, விக்கெட் விழாமல் 19. கடைசி நாள் மழை, ஒரு பந்துகூடப் போடவில்லை. 13 விக்கெட் எடுத்தவருக்கு வெற்றி கிடைக்காமல் போன அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது.

ஜடேஜாவின் 48க்கு 7 எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 2016 டிசம்பர். வர்தா புயல் அடித்து ஓய்ந்த சில நாளில் ஆட்டம். பிட்ச் காயவில்லை என்று ஊழியர்கள் தட்டுகளில் தணல் நிரப்பிப் பிட்ச்சுக்கு மேலே வைத்து ஈரத்தை எடுத்தார்கள். அப்படித் தயாரான பிட்ச்சில் இங்கிலாந்து 477, இந்தியா 7 விக்கெட்டுக்கு 759, கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. கடைசி நாளில் இங்கிலாந்து விக்கெட் இழக்காமல் 103. டிரா என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரம். அங்கிருந்து 207க்கு ஆல் அவுட். கடைசி ஆறு விக்கெட் 15 ரன்னில் போனது. ஜடேஜா பந்தை அதிகம் திருப்புகிறவர் இல்லை. 25 ஓவரும் ஒரே இடத்தில் விழும் பந்து, கொஞ்சம் வேகமாக, ஸ்டம்பைக் குறிவைத்து. ஒன்று திரும்பும், அடுத்தது நேராகப் போகும். எது திரும்பும் என்று போட்டவருக்கே உறுதியில்லாதபோது பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? தோற்காமல் தப்பிக்க மட்டும் ஆடுகிறவன் காலை நகர்த்த மாட்டான். காலை நகர்த்தாதவனுக்கு இந்தப் பந்து விஷம்.

ஒரே இடம் என்றால் எந்த இடம்? ஸ்பின்னருக்கு பேட்ஸ்மேன் பக்கத்து ஸ்டம்பிலிருந்து ஏறக்குறைய 12 அடிக்கும் 16 அடிக்கும் நடுவில். பாப்பிங் கிரீஸ் ஸ்டம்பிலிருந்து 4 அடி, அங்கிருந்து அளந்தால் 8 முதல் 12 அடி. மேட்டில் சாக்பீஸால் இந்த இரண்டு கோட்டையும் போட்டு, நடுவில் ஆஃப் ஸ்டம்புக்கு நேராக ஒரு துணித்துண்டு வைத்து, 36 பந்து போடச் சொல்லி எண்ணுங்கள். 20 பந்து கோட்டுக்குள் விழாதவனுக்கு தூஸ்ரா, கேரம் பால் போன்ற வித்தைப் பந்து எதுவும் சொல்லித்தர வேண்டாம். ஆட்டத்தில் அவனைக் காப்பாற்றப் போவது அந்த 20தான்.

அஸ்வினுக்குத் தனியாகவே எழுத வேண்டும், சொந்த மைதானம். 2013ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 103க்கு 7, 95க்கு 5. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ், முதல் பந்து, புதுப் பந்து, ரோரி பர்ன்ஸ் ஸ்லிப்பில் கேட்ச். டெஸ்டில் இன்னிங்ஸின் முதல் பந்திலேயே ஒரு ஸ்பின்னர் விக்கெட் எடுத்தது 1907க்குப் பிறகு அதுதான். புதுப் பந்தில் சீம் எழுந்து நிற்கும். இந்தியாவில் டெஸ்டுக்குப் பயன்படும் எஸ்ஜி பந்தில் கைத்தையல் சீம் இன்னும் தடிப்பாக இருக்கும். அது பிட்ச்சில் பட்டால் எகிறும், வழுவழுப்பான பக்கம் பட்டால் வழுக்கி நேராகப் போகும். புதுப் பந்தை ஸ்பின்னரிடம் கொடுக்க நம்ம பக்கத்து கேப்டன்கள் யோசிக்கிறார்கள். யோசிக்கவே வேண்டாம். லீக்கில் வாங்கும் விலை குறைந்த பந்தில் சீம் 15 ஓவருக்குள் தட்டையாகிவிடும். ஸ்பின்னருக்குப் பிடிப்பு உள்ள நேரமே அந்த முதல் ஓவர்கள்தான்.

சேப்பாக்கத்தில் கடல்காற்றும் ஒரு பந்துவீச்சாளர்தான். கிழக்கே மெரினா, நடந்து போகும் தூரம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பினால் மிதந்து வரும் பந்து பக்கவாட்டில் நகரும். ஆஃப் ஸ்பின்னரின் பந்து வலது கை பேட்ஸ்மேனுக்கு ஸ்லிப் பக்கம் நகர்ந்துவிட்டு உள்ளே திரும்பும். பேட்டுக்கும் காலுக்கும் நடுவில் வாசல் திறந்துவிடும். 1969 டிசம்பரில் பிரசன்னா ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸை 24க்கு 6 என்று ஆக்கினார். மிதக்கவிட்டு ஏமாற்றுவதில் அவருக்கு நிகர் அவர்தான். 74க்கு 6 எடுத்தும் இந்தியா தோற்றது. ரெட்பாத் 63 அடித்து ஆஸ்திரேலியாவை 153க்குக் கொண்டுபோய்விட்டார், மறுபக்கம் மல்லெட் ஆட்டத்தில் 10 விக்கெட் எடுத்துவிட்டார்.

மிதக்கவிடப் பழக: பிட்ச் நடுவில் இரண்டு பக்கமும் கம்பு நட்டு, ஏழடி உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்கு மேலே போக வேண்டும், அதே 12-16 அடிக் கோட்டுக்குள் விழவும் வேண்டும். முதல் வாரம் எல்லாப் பந்தும் ஃபுல் டாஸாகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யக் கூடாது. சுழற்சியைக் கூட்டித்தான் பந்தை இறக்க வேண்டும். இதில்தான் பலர் பொறுமை இழந்து கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள்.

சேப்பாக்கம் ஸ்பின் மைதானம் என்பது பாதி உண்மை. 1934ல் நடந்த முதல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸிலேயே 86க்கு 7 எடுத்தவர் அமர் சிங், வேகப்பந்து. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து ஸ்பின்னர் வெரிட்டி 49க்கு 7 எடுத்து இந்தியாவை 145ல் முடித்தார். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 64க்கு 7, 57க்கு 5. விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் அடித்த 97 இல்லாவிட்டால் அந்த ஆட்டம் அவருடையது. 1980ல் பாகிஸ்தானுக்கு எதிராகக் கபில் தேவ் 90க்கு 4, 56க்கு 7, நடுவில் 84 ரன். 1985ல் இங்கிலாந்தின் நீல் ஃபாஸ்டர் 104க்கு 6, 59க்கு 5. 1999ல் பாகிஸ்தானுக்கு எதிராக வெங்கடேஷ் பிரசாத் 33க்கு 6. அதில் கடைசி ஐந்து விக்கெட் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 18 பந்தில். அந்த ஆட்டத்தை சச்சினின் 136க்கும் 12 ரன் தோல்விக்கும்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். சக்லைன் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து, சச்சின் விக்கெட்டும் அவருக்கே. பிரசாத்தின் ஸ்பெல்லை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

2021ல் இங்கிலாந்தின் ஆண்டர்சன் போட்ட ஓவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐந்தாம் நாள், இந்தியா 420ஐத் துரத்துகிறது. பந்து பழசு. கில் 50ல் போல்ட், அதே ஓவரில் ரஹானே ரன் எடுக்காமல் போல்ட். இரண்டுமே ரிவர்ஸ் ஸ்விங், இரண்டிலும் ஸ்டம்ப் கழன்று உருண்டது. ஆண்டர்சன் அந்த இன்னிங்ஸில் 11 ஓவர், 17 ரன், 3 விக்கெட். இந்தியா 192. பந்தின் ஒரு பக்கம் சொரசொரப்பாக, காய்ந்து இருக்க வேண்டும், மறுபக்கம் பளபளப்பாக. பழைய பந்தில் பளபளப்பான பக்கம் நோக்கியே பந்து போகும். புதுப் பந்தில் நடப்பதற்கு நேர் எதிர், அதனால்தான் ரிவர்ஸ்.

நம்ம பக்கம் இதைச் செய்ய முயன்றால் எங்கே சறுக்குகிறது? அவுட்ஃபீல்ட் முழுக்கச் சல்லியும் செம்மண் புழுதியும். எறிந்த பந்து உருண்டு வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தேய்ந்துவிடும். அப்புறம் ரிவர்ஸ் எங்கே வரும்? முதல் பத்து ஓவரில் எறிவதிலேயே கவனம் வேண்டும்: கீப்பர் கைக்கு நேராக, தரையில் உருளாமல். பளபளப்பான பக்கத்தை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளாளுக்குத் துடைத்தால் வியர்வை தப்பான பக்கம் போய் ஈரமாகிவிடும், ஈரமானால் ரிவர்ஸ் முடிந்தது. எச்சில் தடவுவது விதிப்படி தடை, வியர்வை மட்டும்தான். ஏப்ரல், மே மாத தருமபுரி வெயிலில் அதற்குப் பஞ்சமில்லை.

வெயில் என்றதும் 1986ல் ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்த டை டெஸ்ட் நினைவுக்கு வரும். டீன் ஜோன்ஸின் 210ஐ எல்லோரும் சொல்வார்கள். கிரெக் மேத்யூஸ் அந்தச் சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைசி இன்னிங்ஸில் 39.5 ஓவர் போட்டார். 146க்கு 5. முதல் இன்னிங்ஸிலும் 103க்கு 5. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் எல்பிடபிள்யூ. ரன் போகிறதே என்று பந்தைக் கீழே வைத்திருந்தால் அந்த ஆட்டம் டை ஆகியிருக்காது.

ஓசூர்க்காரர்கள் கேட்பார்கள், பக்கத்திலேயே பெங்களூரு சின்னசாமி மைதானம் இருக்கும்போது ஏன் சேப்பாக்கம் என்று. சின்னசாமியிலும் பெரிய ஸ்பெல்கள் உண்டு: 1987ல் பாகிஸ்தானுக்கு எதிராக மனிந்தர் 27க்கு 7, 2017ல் இந்தியாவுக்கு எதிராக லயன் 50க்கு 8, அதே ஆண்டு டி20யில் சஹல் 25க்கு 6. ஆனால் மனிந்தரின் அந்தப் பிட்ச்சில் இரண்டு அணி ஸ்பின்னர்களுக்கும் பிட்ச்சே எல்லாம் செய்துகொடுத்தது. கற்றுக்கொள்ளும் பையனுக்கு சேப்பாக்கத்தில் பாடம் அதிகம் என்பது என் எண்ணம். நேரில் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கலாம். கிருஷ்ணகிரியில் ரயில் இல்லை, ஜோலார்பேட்டையில் ஏறி சென்ட்ரல், அங்கே பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். டிக்கெட் எடுக்கும்போது பக்கவாட்டு ஸ்டாண்டில் ஒரு நாளாவது உட்காருங்கள். பந்து திரும்புவது பிட்ச்சுக்கு நேர் பின்னாலிருந்துதான் தெரியும், டிவியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். பந்து இறங்குவதும் எகிறுவதும் பக்கவாட்டில்தான் தெரியும். டிவியில் கிடைக்காதது அது.

கடைசியாக, மேட் போடுவது பற்றி. பந்துவீச்சாளன் தன்னைச் சரியாக எடைபோட மேட் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய மாலை அடித்தரையில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் கையில் ஒட்டாத பதத்தில் ரோலர் ஓட்டுங்கள். சல்லியை முழங்காலிட்டுக் கையாலேயே பொறுக்க வேண்டும், குறிப்பாக அந்த 12-16 அடிப் பகுதியில். மேட்டுக்கு அடியில் ஒரே ஒரு கல் இருந்தால்கூடப் பேட்ஸ்மேன் முகத்துக்கு எகிறும். மேட்டை முதலில் ஒரு முனையில் ஆணியடித்து, மறுமுனையை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்து அடிக்க வேண்டும், பிறகு பக்கங்கள். தளர்வாக இருந்தால் பந்து மேட்டைத் தள்ளிக்கொண்டு வழுக்கும், மடிப்பில் பட்டால் தரையோடு ஓடும். ஆணித் தலை மேட்டுக்குள் புதைய வேண்டும். இடைவேளையில் மறுபடி ஒருமுறை இழுத்து அடியுங்கள், வெயிலில் நார் தளர்ந்திருக்கும்.